கராஜில் படகு, வாசலில் வேன்

காலை ஆறு மணிக்கு மார்லிஸ் கோஸ்கெலா வாசலுக்கு வந்தபோது முதலில் கண்ணில் பட்டது பனியில் கிடந்த ஆரஞ்சு நிற வயர். வேனுக்குள் இருக்கும் ஹீட்டருக்கும் எஞ்சின் சூடாக்கிக்கும் கரண்ட் கொண்டுபோகும் வயர் அது. ஒரு முனை வேனின் கதவிடுக்கில் சரியாகத்தான் இருந்தது. வீட்டுச் சுவரில் இருக்கவேண்டிய மறுமுனை தரையில் கிடந்தது.

"வேண்டாம், வேண்டாம், வேண்டாம்" என்றாள் அவள், யாரிடமோ கெஞ்சுவது போல.

இரவு குளிர் பூச்சியத்துக்குக் கீழே முப்பது பாகை. அமெரிக்காவின் வடக்கு ஓரத்து டுலூத்தில் ஜனவரி அப்படித்தான். ஏரிப் பக்கமிருந்து காற்று வேறு. வேனின் பின்கதவைத் திறக்கவே இரண்டு முறை தோளால் இடிக்க வேண்டியிருந்தது. உள்ளே ஹோஸ் சுருள் மரக்கட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. டார்ச்சை அடித்துப் பம்ப்பைப் பார்த்தாள். பித்தளைத் தலையின் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு, அந்தக் கோட்டிலிருந்து நாக்கை நீட்டியது போலக் கொஞ்சம் ஐஸ்.

பதினேழு வருடமாக வீடுகளிலும் அலுவலகங்களிலும் கார்ப்பெட் சுத்தம் செய்கிறாள். வேனோடு சேர்த்துப் பொருத்திய இயந்திரம், தண்ணீர்த் தொட்டி, நூற்றைம்பது அடி ஹோஸ், இதுதான் அவள் தொழில் மொத்தமும். நவம்பர் பிறந்துவிட்டால் தினமும் வேலை முடிந்ததும் குழாய்களில் உறையாத அந்த இளஞ்சிவப்புத் திரவத்தை ஓடவிட்டு, காலையில் அதைத் திரும்ப கேனில் வடித்துக்கொள்வாள். நேற்று மட்டும் செய்யவில்லை. நேற்று மூன்று வீடு, அதில் ஒன்று மூன்று மாடிப் படிக்கட்டு. முழங்கால் கெஞ்சியது. ஹீட்டர்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டாள். பம்ப்பைப் பார்த்தபடி நின்றபோது யார்மேல் அதிகக் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை, தன்மேலா, வயரைப் பிடுங்கியவன்மேலா.

பிடுங்கியவன் யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நேற்றிரவு சாப்பிட வந்தவன் கணவனின் தம்பி கர்ட். அவன் பெரிய வண்டியை இதே சுவர் ஓரம்தான் நிறுத்தியிருந்தான். போனை எடுத்தாள்.

"கர்ட், நேத்து என் வயரைப் பிடுங்கினியா?"

"என்ன வயர்? மணி என்ன தெரியுமா உனக்கு?"

"ஆரஞ்சு வயர். சுவத்துல இருந்தது. உன் வண்டி ஹீட்டரைச் சொருகறதுக்குப் பிடுங்கினியா இல்லையா?"

"நான் தொடவே இல்ல, மார்லிஸ். சத்தியமா."

"அப்ப பனிமுயல் வந்து பிடுங்கிச்சா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள்.

இத்தனைக்கும் வேன் வாசலில் நிற்க வேண்டிய அவசியமே கிடையாது. வீட்டோடு ஒட்டிய கராஜ் இருக்கிறது, கூரையில் கேஸ் ஹீட்டர் தொங்குகிறது. ஆனால் அங்கே அக்டோபரிலிருந்து கர்ட்டின் மீன்பிடிப் படகு தூங்குகிறது. "ரெண்டே வாரம்" என்று சொல்லித்தான் கொண்டுவந்து விட்டான். ஊரில் எல்லாப் படகும் தார்ப்பாய்க்கு அடியில் குளிர்காலத்தைக் கழிக்க, இதற்கு மட்டும் சூடான அறை. ஒவ்வொரு முறை அவள் கேட்டபோதும் கணவன் ஆர்னி, "அடுத்த வாரம் சொல்றேன், தம்பிதானே" என்பான்.

அன்று இரண்டு மணிக்கு ஓர் இறுதிச் சடங்கு. அது நடக்கும் சடங்கு இல்லத்தின் முன்கூடத்துக் கார்ப்பெட் முழுக்க, பனி உருகத் தெருவில் தூவும் உப்பு பூட்ஸில் ஒட்டி வந்து வெள்ளைத் திட்டாகப் படிந்திருந்தது. ஒன்பது மணிக்கு வருவதாக மார்லிஸ் சொல்லியிருந்தாள். இல்லத்தை நடத்தும் திருமதி பெர்க்குக்குப் போன் செய்தாள்.

"கொஞ்சம் தாமதமாகும். இயந்திரம் உறைஞ்சுபோச்சு."

"தாமதம்னா எவ்வளவு? இறந்தவர் நகரசபையில முப்பது வருஷம் இருந்தவரு. கூட்டம் வரும். நீங்க வரலைன்னா சொல்லிடுங்க, வேற ஆளைப் பாக்கறேன்."

"வரேன். எப்படியும் வரேன்."

எப்படி என்று அவளுக்குத் தெரியாது. வயரைச் சுவரில் சொருகி, எஞ்சின் சூடேறட்டும் என்று உள்ளே போய் உட்கார்ந்தாள். ஆர்னி பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். இப்படிக் கடும் குளிர் நாட்களில் இருட்டிலேயே பிக்கப்பை எடுத்துக்கொண்டு பணிமனைக்குப் போய்விடுவான். திறக்கும் நேரத்தைப் பள்ளிகள் இரண்டு மணி நேரம் தள்ளியிருந்தன, எனவே அவன் திரும்பப் பத்தரை ஆகும். எட்டு மணியிலிருந்து பம்ப் விற்கும் கடைகளை அழைத்தாள். மினியாபொலிஸில் இல்லை. ஃபார்கோவில் இல்லை. விஸ்கான்சினில் ஒருவன், "பத்து நாள் ஆகும்மா, எல்லாருக்கும் ஒடஞ்சிருக்கு" என்று கொட்டாவி விட்டான்.

எட்டரைக்கு வேன் இருமி இருமி உயிர் பெற்றது. கராஜ் கதவைத் திறந்தாள். படகு நீலத் துணி போர்த்திக்கொண்டு சுகமாக இருந்தது. அடியில் ஒரு சொட்டு ஐஸ் கிடையாது. வேனைப் பின்னுக்கு எடுத்து, படகு வண்டியின் கொக்கியை வேனின் இழுவைக் குமிழில் மாட்டினாள். ஒரு டயரில் காற்றில்லை. அது தரையை அரைத்துக்கொண்டே வந்தது. அவள் நிறுத்தவில்லை. முற்றத்தைத் தாண்டி வேலியோரம் முழங்கால் ஆழப் பனியில் படகை விட்டுவிட்டு, பக்கக் கண்ணாடிகளை மடக்கி வேனைக் கராஜுக்குள் நுழைத்தாள். இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம்தான். கேஸ் ஹீட்டரை முழுதாகத் திருப்பினாள்.

சூடு ஏற ஏறத்தான் சேதம் தெரிந்தது. பம்ப் போதாதென்று சூடேற்றும் சுருளிலும் ஒழுக்கு. இரண்டு இணைப்புகள் போய்விட்டன. வாளி வைத்தாள். சொட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கையில் ஆர்னி வந்தான்.

"படகு வெளிய நிக்குது" என்றான்.

"கண்ணு நல்லாத் தெரியுது உனக்கு. பிக்கப் சாவியைக் குடு."

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவள் நீட்டிய கையைப் பார்த்தான். சாவியைக் கொடுத்துவிட்டான்.

மளிகைக்கடை வாசலில் வாடகைக்கு நிற்கும் சிவப்பு நிறக் கார்ப்பெட் இயந்திரங்களைப் பதினேழு வருடமாக அவள் கேலி செய்திருக்கிறாள். "அது சுத்தம் பண்றதில்ல, அழுக்கை ஈரமாக்குது, அவ்வளவுதான்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வாள். அன்று அதில் ஒன்றைக் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். கல்லாப்பெண் பழைய வாடிக்கையாளர். "உங்களுக்கா?" என்று கேட்டு, மார்லிஸின் முகத்தைப் பார்த்ததும் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

சடங்கு இல்லத்தில் மண்டி போட்டு, உப்புத் திட்டு ஒவ்வொன்றிலும் வெந்நீரும் வினிகரும் ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, பொம்மைச் சாமான் போன்ற அந்த இயந்திரத்தால் உறிஞ்சினாள். அதன் தொட்டி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிரம்பியது. ஒன்றரைக்கு முடிந்தபோது முழங்கால் தனதா என்றே தெரியவில்லை. திருமதி பெர்க் வந்து பார்த்தார்.

"அழகா இருக்கு. இந்தச் சின்ன மெஷின் எவ்வளவு அமைதியா ஓடுது! இனிமே இதையே கொண்டுவாங்களேன்."

"பாக்கலாம்" என்றாள் மார்லிஸ், பல்லைக் கடித்துக்கொண்டு.

வீடு திரும்பியபோது கர்ட் படகின் பக்கத்தில் நின்று துணியிலிருந்த பனியைக் கையுறையால் தட்டிக்கொண்டிருந்தான். ஆர்னி படியில் நின்றான்.

"என் டயர் கிழிஞ்சுபோச்சு" என்றான் கர்ட். "பைத்தியமா உனக்கு?"

"என் பம்ப் கிழிஞ்சுபோச்சு. பத்து நாளைக்கு எனக்கு வேலை இல்ல. உன் படகுக்கு ஹீட்டர், என் வேனுக்குப் பனி. அந்த ஒரு வயர்தான் இருந்தது, அதையும் பிடுங்கிட்ட."

"எத்தனை தடவை சொல்றது, நான்..."

"அவனை விடு" என்றான் ஆர்னி. "நான்தான்."

இருவரும் திரும்பினார்கள். நேற்றிரவு சாப்பிட்டபின் கர்ட்டின் வண்டி குளிரில் கிளம்பவில்லை. அவன் திரும்ப உள்ளே வந்து இரண்டாவது துண்டு ஆப்பிள் பை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஆர்னி வெளியே போய் அவள் வயரைப் பிடுங்கி அந்த இடத்தில் தம்பியின் வண்டி வயரைச் சொருகினான். ஒரு மணி நேரத்துக்கு மட்டும் என்றுதான் நினைத்தான். தம்பி போனான். இவன் அவள் வயரைத் திரும்பச் சொருக மறந்து ஹாக்கி ஆட்டம் பார்க்க உட்கார்ந்துவிட்டான்.

"காலையிலயே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் மார்லிஸ். குரல் எழும்பவில்லை. அதுதான் ஆர்னிக்குப் பயமாக இருந்தது.

"சாவி கேக்கறப்ப உன் மூஞ்சி எப்படி இருந்ததுன்னு நீ பாக்கல."

கர்ட் நிமிர்ந்து நின்றான். "பாத்தியா? இப்ப என்ன சொல்ற? படகை உள்ள வை."

"வயர் விஷயத்துல மன்னிச்சிக்க, கர்ட். நான் அநியாயமாப் பேசிட்டேன். டயரையும் மாத்தித் தரேன்" என்றாள் அவள். "படகு உள்ள வராது."

"ஆர்னி, நீ ஏதாவது சொல்லேன்."

ஆர்னி தன் பூட்ஸைப் பார்த்தான். "தார்ப்பாய் என்கிட்ட ஒண்ணு இருக்கு" என்றான்.

பம்ப் வந்துசேரப் பதினோரு நாளானது. அதற்குள் இரண்டு அலுவலகங்கள் வேறு ஆளிடம் போய்விட்டன, ஒன்று திரும்பவே இல்லை. ஆர்னி ஒரு சனிக்கிழமை முழுக்கக் கராஜில் குப்புறப்படுத்துப் பம்ப்பையும் சுருளையும் மாட்டினான். அவள் விளக்குப் பிடித்தாள். "இடது", "இன்னும் இறுக்கு" தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

திங்கட்கிழமை ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் வேலை. இயந்திரம் அருமையாக முழங்கியது. மார்லிஸ் ஹோஸ் முனையிலிருந்த துடைப்புக்கோலைக் கார்ப்பெட்டில் வைத்து விசையை அழுத்தினாள். அந்த விசையில், வயர் பிடுங்கப்பட்ட அந்த இரவுக் குளிர் போட்ட, அவள் கவனிக்காத ஒரு விரிசல் இருந்தது. கண்ணாடி, தலைமுடி, சட்டைக் காலர் எல்லாம் நனைய, வெதுவெதுப்பான நீர் அவள் முகத்தில் பீய்ச்சியடித்தது.

"ஆர்னி!" என்று கத்தினாள்.

காத்திருந்தவர்கள் பத்திரிகையிலிருந்து தலை தூக்கினார்கள். ஆர்னி அப்போது ஆறு மைல் தள்ளி, நாற்பது பிள்ளைகளோடு ஒரு சிவப்பு விளக்கில் நின்றிருந்தான்.