வாசக்காலுக்குக் கீழே ஒரு யானை

கரையான் பிடித்ததற்கு லட்டு வாங்கிக் கொடுத்த மனிதனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். அந்த லட்டைத் தின்றும் இருக்கிறேன்.

பெயர் மதலைமுத்து. பிறந்தது கோலார் தங்கவயல், குடியிருப்பது நீலசந்திரா, வேலை பீன்யாவில் பித்தளைக் குழாய் வார்க்கிற ஒரு பட்டறையில். ஆள் ஒல்லி. பலமாகக் காற்றடித்தால் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொடி மாதிரி பறப்பான். ஆனால் அவனுடைய காசு ஆல்பத்தைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

பட்டறையில் அவன் வேலை, உருக்குவதற்கு வருகிற பழைய பித்தளை, செம்புச் சாமான்களைத் தரம் பிரிப்பது. சொம்பு, குத்துவிளக்கு, கதவுக் கொண்டி என்று மூட்டை மூட்டையாக வரும். அதற்குள் எப்போதாவது ஒரு பழைய காசும் கிடக்கும். முதலாளியிடம் சொல்லிவிட்டு, காசை எடுத்துக்கொண்டு அதே எடைக்கு ஒரு குழாய் மூடியை அடுப்புக்கு அனுப்பிவிடுவான். அப்படிக் காப்பாற்றிக் காப்பாற்றித்தான் அவனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. அவன் நெருப்பிலிருந்து காப்பாற்றிய ராஜாக்கள் எல்லாம் நன்றி சொல்ல எழுந்து வந்தால் நீலசந்திராவில் நிற்க இடம் இருக்காது.

எங்களுக்கும் அதே பைத்தியம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜப்பார் பாயின் வாட்ச் ரிப்பேர் கடைப் படியில் கூடுவோம். ஒற்றைக் கண்ணில் மாட்டிக்கொள்கிற லென்ஸ் பாயிடம் இருந்தது. அதனால் அவர்தான் எங்களுக்கு நீதிபதி. பாங்கில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்ற ராவ் சார் வருவார். பக்கத்துச் செருப்புக் கடையிலிருந்து நான் வருவேன். இன்னும் நாலைந்து பேர் உண்டு. ஒன் பை டூ டீ சொல்லி, அந்த அரை டீயை மதியம் வரைக்கும் குடிப்போம். அவரவர் காசைப் பற்றி அவரவர் விடுகிற கதையில் சர்க்கரை தேவைப்படாது.

எங்கள் கூட்டத்துக்கு இரண்டு சட்டம் உண்டு. முதல் சட்டம், காசைக் கழுவக் கூடாது. எவ்வளவு கறுப்போ அவ்வளவு கௌரவம். ஒருத்தர் புளி போட்டுப் பளபளவென்று விளக்கிக்கொண்டு வந்தபோது, செத்த வீட்டுக்கு வந்தது மாதிரி எல்லாரும் எழுந்து நின்றோம். இரண்டாவது சட்டம், காசுக்குக் காசு மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டால் எல்லார் முன்னாலும் உள்ளங்கையில் உள்ளங்கை அடிக்க வேண்டும். ஆனால் காசு அன்றைக்கே கை மாறாது, அடுத்த ஞாயிறுதான். பிரியப் போகிற காசைப் பார்த்து அந்த ஒரு வாரம் அழுது தீர்த்துக்கொள்ளட்டும் என்று அப்படி ஓர் ஏற்பாடு. கை அடித்த பிறகு பின்வாங்கினால், அப்புறம் யாரும் அவனோடு கை அடிக்க மாட்டோம்.

தொண்ணூற்றாறில் ஒரு ஞாயிறு, முத்து ஒரு செப்புக் காசைக் கொண்டுவந்து பாயின் முன்னால் வைத்தான்.

"பாய், திப்பு காலத்து யானை."

"அரே, திப்பு யானை இந்த ஊர்ல தெருத்தெருவா மேயுதுப்பா," என்றார் பாய், கையில் இருந்த வாட்சை விட்டுக் கண்ணை எடுக்காமல். "வால் இருக்கா? அதச் சொல்லு."

அந்தக் காலத்தில் அச்சுப் பெரிது, செப்புத் துண்டு சின்னது. தும்பிக்கை விழுந்தால் வால் விழாது. வால் விழுந்தால் தும்பிக்கை விழாது. முழு யானை கிடைப்பது, சிவாஜிநகர் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்கிற மாதிரி.

"வாலும் கீது, தும்பிக்கையும் கீது. வால் நுனியில முடி கூட கீது," என்றான் முத்து.

பாய் லென்ஸை மாட்டினார். காசைத் திருப்பிப் பார்த்தவரின் கை அப்படியே நின்றது. ரிப்பேருக்கு வந்த வாட்சுகள்கூட மரியாதையாக நின்றுவிட்டன. கடைசியில், "என்னா வேணும் கேளு," என்றார்.

முத்துவுக்கு வேண்டியது எங்கள் எல்லாருக்கும் தெரியும். பாயிடம் விஜயநகரத்து ராஜா போட்ட ஒரு சின்னச் செப்புக் காசு இருந்தது. அதில் கண்டபேருண்டம், அதுதான் இரண்டு தலைப் பறவை. அதைப் பார்க்கும்போதெல்லாம் முத்து விடுகிற பெருமூச்சில் பாயின் டீ ஆறிப்போகும்.

"யானைக்குப் பறவை. சரியா?" என்றார் பாய்.

இரண்டு பேரும் கை அடித்தார்கள்.

நடுவில் இருந்தது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. அந்த வெள்ளிக்கிழமைதான் முத்து வீட்டில் வாசக்கால் நிறுத்தினார்கள். பழைய ஷீட் வீட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் மோல்டு போட்ட வீடு கட்டிக்கொண்டிருந்தான். கோயிலிலிருந்து உபதேசியார் வந்து ஜெபம் சொல்லி, குழிக்குள் மாதா சுரூபம் ஒன்றைப் போட்டுத் தீர்த்தம் தெளித்தார். முடிந்தது என்று எல்லாரும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டபோது மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"காசு போடுங்கப்பா. காசு போடாத நான் காலை நிறுத்த மாட்டேன். சீக்கிரம், பத்தரைக்கு ராகுகாலம்."

"நாங்க கிறிஸ்டியன், மேஸ்திரி. எங்களுக்கு ராகுகாலம் இல்ல," என்றாள் முத்துவின் மனைவி மௌரீன்.

"ஒங்களுக்கு இல்லம்மா. சிமெண்டுக்கு இருக்குது."

யாரிடமும் சில்லறை இல்லை, எல்லாம் நோட்டு. காசு மூட்டையே வைத்திருக்கிற வீட்டுக்காரனை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காசுப் பெட்டியைத் திறக்கிறான், ஒரு காசை எடுக்கிறான், பார்க்கிறான், திரும்ப வைக்கிறான். இது ஐதராபாத் அச்சு. இது பம்பாய் அச்சு. இது தனியாக இருக்கிறது, பாவம். இதற்கு ஜோடி இருக்கிறது, ஜோடியைப் பிரிக்கலாமா? கடைசியில் பெட்டியை அப்படியே திறந்து போட்டுவிட்டு, "ரெண்டே நிமிஷம், கடையில சில்லற வாங்கியாரேன்," என்று ஓடினான்.

அப்போதெல்லாம் பெங்களூரில் சில்லறை கேட்டால் கடைக்காரர் டாஃபி கொடுப்பார். நாலு கடை ஏறி இறங்கி, சட்டைப் பை நிறைய டாஃபியோடு முத்து திரும்பி வந்தபோது வாசக்கால் நிமிர்ந்து நின்றது. மேஸ்திரி தூக்குக்குண்டு பிடித்துக்கொண்டிருந்தார்.

"எதப் போட்ட?" என்றான் முத்து. குரல் ஏற்கனவே பாதி செத்திருந்தது.

"பயப்படாதீங்க. பளபளன்னு இருக்கிறதுல கையே வைக்கல," என்றாள் மௌரீன். "மூலையில ஒரு கவர்ல கரிக்கட்ட மாதிரி ஒண்ணு இருந்துச்சு. ஒங்களுக்கு நஷ்டம் வேணாம்னு அதப் பார்த்து எடுத்துப் போட்டேன்."

முத்து அப்படியே மணல் குவியலில் உட்கார்ந்தான். "பேத்து எடுங்க மேஸ்திரி," என்றான்.

மேஸ்திரி கரண்டியைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டார். "நிறுத்தின காலப் பேத்தா நான் இந்தத் தெருவுக்கே வர மாட்டேன்."

"பேத்தா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்," என்றாள் மௌரீன். அம்மா வீடு அடுத்த சந்துதான். ஆனால் சமைக்கிற அடுப்பு அன்றைக்கு அங்கேதான் இருந்தது. முத்து ஒரு டாஃபியைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டில் அவன் நடந்ததைச் சொன்னான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. எங்கள் கூட்டத்தில் அது பழக்கமில்லாத காரியம். அதனாலேயே யாரும் நம்பவில்லை.

"ஏனப்பா இது?" என்றார் ராவ் சார். "போன வருஷம் ஒருத்தன் காசை எலி தூக்கிண்டு போச்சுன்னான். நீ வீடே முழுங்கிடுச்சுங்கறே."

"சார், ஆண்டவர் மேல ஆணையா வாசக்காலுக்குக் கீழ கீது."

"நல்ல விலைக்கு எவன்கிட்டயோ தள்ளியிருப்பே. நேரா சொல்லேன்," என்றேன் நான். என் வாய் சும்மா இருக்காது.

பாய் கையில் இருந்த வாட்சைக் கீழே வைத்தார். மாற்றிக் கொடுக்கக் காகிதத்தில் மடித்துவைத்திருந்த பறவையை எடுத்துத் தன் ஜிப்பா பையில் போட்டுக்கொண்டு, "ஒண்ணும் பரவால்ல முத்து, டீ குடி," என்றார். திட்டியிருந்தால் தேவலை. முத்துவின் முகம் அந்த டீ டம்ளருக்குள் விழுந்தது, ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகும் முத்து வந்தான். ஒரு ஞாயிறு தவறவில்லை. பாய் சொந்தக்காரரை விசாரிக்கிற மாதிரி, "என்னா முத்து, யானை சௌக்கியமா?" என்று கேட்பார். நாங்கள் சிரிப்போம், அவனும் சிரிப்பான். "நேத்து வாலாட்டுச்சு பாய்," என்று பதில்கூடச் சொல்வான். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யாரும் அவனோடு கை அடிக்கவில்லை. அவன் ஆல்பத்தைப் புரட்டுவோம், புகழ்வோம், மூடிக் கொடுத்துவிடுவோம். ஒரு தடவை அவனே ராவ் சாரிடம் உள்ளங்கையை நீட்டிவிட்டான். ராவ் சார் அவசரமாக மூக்குப்பொடி எடுத்தார். நீட்டின கையை என்ன செய்வது என்று தெரியாமல் முத்து அதால் தலையைச் சொறிந்துகொண்டான். அன்றைக்கு எனக்கே டீ இறங்கவில்லை.

முத்துவின் மகள் ஆஷா வளர்ந்து காலேஜுக்குப் போக ஆரம்பித்தாள். டவுன் பஸ் கார்ப்பரேஷனின் பெயர் மாறியது. பெங்களூரில் எல்லாம் மாறியது, எங்கள் படிக்கட்டையும் முத்துவின் கெட்ட பெயரையும் தவிர.

இரண்டாயிரத்து ஐந்தில்தான் அந்த லட்டு வந்தது. முத்து ஓடி வந்தான். மூச்சு வாங்கியது.

"பாய்! வாசக்கால்ல கரையான்!"

"அதுக்கு எதுக்குப்பா லட்டு?"

"மரம் பாதி போச்சு பாய்! மாத்தியே ஆவணும்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. மௌரீனும் சரின்னுட்டா. வர்ற ஞாயித்துக்கெழம எல்லாரும் வரணும். நீங்க வராத நான் ஆணி கூடப் புடுங்க மாட்டேன்."

அந்த ஞாயிறு பாய் கடையைப் பூட்டினார். பெருநாளைத் தவிர வேறு நாளில் அந்தக் கடைக்குப் பூட்டுப் போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். மதியச் சாப்பாடு முடித்து ஒரே ஆட்டோவில் ஐந்து பேர் ஏறி நீலசந்திரா போனோம். டிரைவர் பாயின் மடியில் உட்கார்ந்து ஓட்டினார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதே மேஸ்திரிதான், தலைமுடி மட்டும் சிமெண்டு நிறமாகியிருந்தது. வலது காலைப் பெயர்த்துக் கடப்பாறை போட்டார். சிமெண்டு உடைந்தது, ஜல்லி வந்தது, மண் வந்தது. காசு வரவில்லை. மேஸ்திரி கையை விட்டுத் துழாவினார். ஒன்றும் இல்லை.

ராவ் சார் மூக்குப்பொடி டப்பாவைத் தேடினார். முத்து குழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். அவனையும் அதில் போட்டு மூடிவிடலாம் போல இருந்தது.

"வலப்பக்கம்தானேம்மா குடுத்தே?" என்றார் மேஸ்திரி.

"ஆமா, வலப்பக்கம்தான்," என்றாள் மௌரீன். பிறகு வாசலைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். "ஐயோ மேஸ்திரி, நான் அன்னிக்கு உள்ள நின்னுகிட்டில்ல குடுத்தேன்!"

உள்ளேயிருந்து வலது என்றால் தெருவிலிருந்து இடது. மேஸ்திரி சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. மறு பக்கத்தில் கடப்பாறை இறங்கியது. முதலில் மாதா சுரூபம் வந்தது. மௌரீன் அதை முந்தானையில் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதன் பின்னாலேயே பச்சைப் பாசி பிடித்த மாதிரி ஒரு வட்டம் உருண்டு வந்து பாயின் செருப்பில் முட்டி நின்றது.

பாய் தெருவிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து லென்ஸை மாட்டினார். தெருவில் போன சைக்கிள்கள் நின்றன.

"தும்பிக்கை இருக்கு," என்றார். காசை வெளிச்சத்துக்குச் சாய்த்தார். "கால் நாலும் இருக்கு."

"பாய், வாலு?" என்றான் முத்து.

"இரு. வாலும் இருக்கு." லென்ஸைக் கழற்றினார். "முடி இல்லப்பா. முடின்னு நீ சொன்னது ரீலு."

மற்றதெல்லாம் நிஜம் என்று அதற்கு அர்த்தம். பாய் ஜிப்பா பையில் கையை விட்டு, காகித மடிப்பு ஒன்றை எடுத்து முத்துவின் கையில் வைத்தார். பறவை. அவர் அதைக் கொண்டுவந்திருக்கிறார் என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. முத்து அதைப் பிரித்துப் பார்க்கவே இல்லை, இறுக்கி மூடிக்கொண்டான்.

"போதும்பா கொஞ்சல்," என்றார் மேஸ்திரி. "புதுக் காலு நிறுத்தணும். காசு போடுங்க. நாலரைக்கு ராகுகாலம்."

முத்து இந்தத் தடவை தயாராக இருந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு புது இரண்டு ரூபாயை எடுத்துக் குழியை நோக்கி நீட்டினான். ராவ் சார் பாய்ந்து பிடித்தார்.

"நில்லப்பா! வருஷத்துக்குக் கீழ என்ன இருக்கு? ஸ்டார்! ஐதராபாத் அச்சு! இந்த வருஷத்து ஸ்டார் என்கிட்ட இல்லவே இல்ல!" காசு அவர் பைக்குள் போனது. அதற்குப் பதிலாக அவர் ஒன்றை எடுத்தார். அதை நான் வாங்கிப் பார்த்தேன். ஓரம் கொஞ்சம் வித்தியாசமாக இருந்தது. மண்ணுக்குள் போட மனசு வரவில்லை. நான் ஒன்றை எடுத்தேன், பக்கத்தில் இருந்தவர் பிடுங்கினார். ஐந்து பேர் பையிலும் குலுங்கக் குலுங்கக் காசு. குழிக்குப் போக ஒரு காசு இல்லை.

"அன்னிக்கு ஒரு கிறுக்கன் இருந்தான். இன்னிக்கு அஞ்சு பேரா?" என்று மேஸ்திரி கரண்டியைத் தூக்கினார்.

பாய் எழுந்தார். கையில் இருந்த பச்சை யானையை ஒரு தடவை பார்த்தார். குனிந்து குழிக்குள் வைத்தார்.

"பாய்! இன்னா பண்றீங்க?" என்று முத்து அலறினான்.

"அதுக்கு அந்த எடம் பழகிடுச்சுப்பா. என் கடையில வச்சா ராத்திரியெல்லாம் வாட்ச் சத்தம், தூக்கம் வராது அதுக்கு," என்றார் பாய். "ஆனா யானை என்னோடது, ஞாபகம் வச்சுக்கோ. கட்டி வச்சிருக்கிறது மட்டும் ஒன் வாசல்ல."

மௌரீன் சுரூபத்தையும் பக்கத்திலேயே வைத்தாள். மேஸ்திரி, யாராவது மனசு மாறுவதற்குள், சிமெண்டைக் கொட்டி மூடினார்.

அடுத்த ஞாயிறு முத்து கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தான். ஆல்பத்தை விரித்தான். பறவைக்காக அவன் விட்டுவைத்திருந்த இடத்தில் பறவை உட்கார்ந்திருந்தது. பாய் பக்கங்களைப் புரட்டி, எதற்கும் உதவாத ஓர் ஓட்டைக் காலணாவில் விரலை வைத்தார்.

"இது எனக்கு வேணும். என்கிட்ட இருக்கிறதுல எது வேணுமோ எடுத்துக்கோ."

அந்த ஓட்டைக் காலணா பாயிடம் ஒரு டப்பா நிறைய இருந்தது. எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை, நான்கூட. பாய் உள்ளங்கையை நீட்டினார்.

முத்து ஓங்கி அடித்தான். அந்தச் சத்தத்தில், கண்டக்டர்தான் பஸ்ஸைத் தட்டிவிட்டார் என்று நினைத்து, ஸ்டாண்டில் நின்ற பீன்யா பஸ்ஸை டிரைவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கண்டக்டர் எங்கள் படிக்கட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.