மூன்றாவது ராசாவின் காணிக்கை

எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் தாடி முளைத்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. சிகாமட் டவுனிலிருந்து வண்டிப் பாதையில் வெகுதூரம் உள்ளே இருந்த ரப்பர் தோட்டம் எங்களுடையது. அங்கே கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஆண் பிள்ளைகள் போதவில்லை என்று, ஜெபம் நடத்தும் உபதேசியார் என்னை, குடிலில் பிறந்த பாலனுக்குக் காணிக்கை கொண்டுவரும் மூன்று ராசாக்களில் ஒருவராக்கிவிட்டார். தாடி, எங்கள் தலையணையிலிருந்து பிடுங்கிய இலவம்பஞ்சு. கிரீடம், அப்பா பிஸ்கட் தகரத்தை வெட்டிச் செய்தது. அதன் உட்புறப் படத்தில் சீமைத் துரைசாணி ஒருத்தி தேநீர் குடித்துக்கொண்டிருப்பாள்.

தோட்டத்தில் வேதக்காரக் குடும்பங்கள் கொஞ்சம்தான். தனியாகக் கோயில் கிடையாது. பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் ஆயக்கொட்டகையில்தான் ஞாயிற்றுக்கிழமை ஜெபம். சாமியார் பிரெஞ்சுக்காரர். திருநாளுக்கு டவுன் கோயிலில் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் மாட்டு வண்டியில் எங்களிடம் வருவார். புதுச்சேரியில் தமிழ் படித்தவர். எல்லாம் சரியாகப் பேசுவார், ரகரம் மட்டும் தொண்டையை விட்டு வெளியே வராது. அவர் முன்னால்தான் நாடகம்.

உபதேசியார் காணிக்கைகளைப் பங்கிட்டார். கங்காணி மகனுக்குப் பொன். அதற்குக் கங்காணியார் வீட்டம்மா தன் சொந்த வளையலையே கழற்றிக் கொடுத்தார். கணக்கு எழுதும் கிராணியின் மகனுக்குச் சாம்பிராணி. எனக்கு வெள்ளைப்போளம்.

“அது என்னா வாத்தியாரே?” என்று கேட்டேன்.

“செத்தவங்க ஒடம்புல பூசி அடக்கம் பண்ணுற வாசன மருந்து” என்றார் உபதேசியார், வேறு வேலையாக.

அவ்வளவுதான். கங்காணி மகன் சிரித்தான். “அவ அம்மா பொணத்தக் குளுப்பாட்டுறாங்க, இவ பொண மருந்து தூக்குறா. சரியாத்தான் குடுத்திருக்காரு!”

அவன் சொன்னதில் பொய் இல்லை. தோட்டத்தில் யார் இறந்தாலும் முதலில் ஆள் வந்து தட்டுவது எங்கள் வீட்டுக் கதவைத்தான். காய்ச்சலில் போனவர்கள், உறவென்று ஒருவரும் இல்லாமல் போனவர்கள், எல்லாரையும் அம்மாதான் குளிப்பாட்டித் துணி சுற்றிக் கொடுப்பாள். அந்த நேரத்தில் எல்லாருக்கும் அவள் வேண்டும். மறுநாள் ஜெபத்துக்குப் போனால், பெண்கள் பாயில் அவள் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருக்கும். அம்மா அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவே மாட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

வீட்டில் அழுது பார்த்தேன். அப்பா, உபதேசியாரிடம் பேசிப் பொன்னை வாங்கித் தருவதாகச் சொன்னார். அம்மா “அதெல்லாம் வேணாம்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். ஆகவே நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். வெள்ளைப்போளம் தோட்டத்தில் எங்கே கிடைக்கும்? உபதேசியார் ஒரு தகர டப்பாவில் சுண்ணாம்புக்கல் போட்டுத் தந்திருந்தார். நான் அதைக் கொட்டிவிட்டுக் கற்கண்டு நிரப்பினேன்.

நாடகம் நன்றாகத்தான் நடந்தது. பொன்னை வைத்தார்கள். சாம்பிராணி கொட்டகை முழுக்க மணத்தது. என் முறை வந்து குடிலின் முன் மண்டியிட்டபோது, முன்வரிசையிலிருந்த சாமியார் ஆசையாகக் கையை நீட்டி டப்பாவைத் திறந்தார். ஒரு துண்டை எடுத்து முகர்ந்தார். பிறகு வாயில் போட்டுக்கொண்டார்.

“இது வெள்ளைப்போளம் இல்லையே, ராசா?”

கொட்டகையே சிரித்தது. எனக்குத் தாடிக்குள் வியர்த்தது. “பொறந்த புள்ளைக்கு யாராச்சும் பொண மருந்து கொண்டாருவாங்களா, சாமி?” என்று கத்தியேவிட்டேன்.

சிரிப்பு நின்றது. சாமியார் என்னைக் கோபிக்கவில்லை. திரும்பிச் சனங்களைப் பார்த்து, “நல்ல கேள்வி. யாராவது பதில் சொல்லுங்கள்” என்றார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்து நின்றாள்.

“சாமி, நான் எழுத்துத் தெரியாதவ. பொறந்ததையும் குளுப்பாட்டியிருக்கேன், செத்ததையும் குளுப்பாட்டியிருக்கேன். ரெண்டுக்கும் தண்ணி வெதுவெதுன்னு இருக்கணும். ரெண்டுக்கும் தலையத் தாங்கிப் புடிக்கணும், இல்லாட்டித் தொங்கிப்போயிரும். ரெண்டையும் வெள்ளத் துணியிலதான் சுத்துறோம். மாதா அந்தப் புள்ளையத் துணியில சுத்தி மாட்டுத் தொட்டியில கெடத்துனாங்க. சிலுவையில இருந்து எறக்குனப்ப அதே கைதான திரும்பவும் தாங்குச்சு? வந்தவங்க எல்லாம் ராசா, சாமின்னு கும்புட்டாங்க. இந்தப் புள்ள ஒரு நாள் சாகும், அன்னிக்குப் பெத்தவளுக்கு என்னா வேணும்னு நெனச்சுக் கொண்டாந்தது அந்த மூணாவது ராசா ஒருத்தருதான்.”

அவ்வளவு நீளமாக அம்மா பேசி நான் கேட்டதே இல்லை. சாமியார் கற்கண்டை விழுங்கக்கூட மறந்து நின்றார். பிறகு தன் அங்கியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். பிரசங்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார் போலும். அதைத் திரும்பவும் உள்ளே வைத்துவிட்டு, “இன்றைக்குப் பிரசங்கம் முடிந்தது, அம்மா” என்றார். அந்த ரகரம் அன்றைக்கும் தொண்டையிலேயே நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை.

அம்மா உட்காரப் போனாள். கங்காணியார் வீட்டம்மா பாயில் நகர்ந்து, அம்மாவை ஒட்டி உட்கார்ந்தார். தோள் தோளில் இடித்தது.

மிச்சத்தை நான் ராசாவாகவே நடத்தி முடித்தேன். தாடி பாதி பிய்ந்து தொங்கியது. ஆனாலும் அன்று அந்தக் கொட்டகையில் என்னைவிட நிமிர்ந்து நின்ற ராசா கிடையாது. மழை விட்ட சேற்றுப் பாதையில், கிரீடத்தைக் கழற்றாமலே வீட்டுக்கு நடந்தேன். லயத்து வரிசை வீடுகளின் வாசல்களில் நின்றவர்கள் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார்கள். ஒவ்வொரு வாசலிலும் நான் நின்று, பேச்சு முடிந்த பிறகே நகர்ந்தேன்.

“இதெல்லாம் யாரும்மா ஒனக்குச் சொல்லிக் குடுத்தாங்க? ஊர்ல இருந்தப்ப கன்னியாஸ்திரிங்களா?” என்று கேட்டேன்.

“பாத்து நட, வழுக்கும்” என்றாள் அம்மா.

கன்னியாஸ்திரிகள்தான் என்று நானே முடிவு செய்து, பல வருடம் எல்லாரிடமும் அப்படியே சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அம்மா ஒருபோதும் மறுக்கவில்லை. எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் சித்தி சொன்னாள், எனக்கு முன்னால் ஓர் அண்ணன் இருந்தானாம். இந்தத் தோட்டத்துக்கு வந்த முதல் மழைக்காலத்தில் பிறந்து, ஒன்பது நாள் இருந்தானாம். தெரிந்தவர் யாருமில்லாத புது இடம். உதவிக்கு ஒருவரும் வரவில்லை. அம்மா தண்ணீரை வெதுவெதுப்பாகக் காய்ச்சி, தலையைத் தாங்கிப் பிடித்து, அவளே குளிப்பாட்டினாளாம்.