ஜட்டி தின்னும் வயல்

பூமி உருண்டையாக இருப்பதற்குக் காரணமே எங்கள் அண்ணிதான். முதலில் அது தட்டையாகத்தான் கிடந்ததாம். அண்ணி போய், "இப்படியா கிடக்கிறது?" என்று ஒரு அதட்டுப் போட்டாராம், பயந்துபோய்ச் சுருண்டுகொண்டதாம். நம்பாதவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து அவர் முன்னால் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். நீங்களும் சுருளுவீர்கள்.

மற்றபடி அண்ணி ஒரு தையல்காரி. சைக்கிள் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே, மிஷினைப் போட்டால் முழங்கால் சுவரில் இடிக்கிற மாதிரி ஒரு கடை. அண்ணன் லாரியோடு போய்விடுவதால் வீட்டில் அப்பா, அண்ணி, நான். காலையில் வயல், மதியத்துக்கு மேல் தையல், நடுவில் கொஞ்சம் என்னைத் திட்டுவது. அண்ணியின் கதை இவ்வளவுதான் என்று முடித்திருப்பேன், அந்தக் கீழ் வயல் மட்டும் இல்லாவிட்டால்.

கீழ் வயல் என்பது எங்கள் நிலத்தில் சரிவாகக் கிடக்கிற துண்டு. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காது, மேலேயே ஓடும், போகும்போது மண்ணையும் கூட்டிக்கொண்டு போய்விடும். வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அப்பாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். இன்னும் ஆழமாக உழு, இன்னும் ஒரு மூட்டை உரம் கொட்டு. பயிர் என்னவோ மஞ்சள் காமாலை வந்த மாதிரியேதான் நிற்கும்.

கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணி, "அந்தத் துண்டை மட்டும் என்கிட்ட விடுங்க மாமா," என்று கேட்டு வாங்கினார். உழவை நிறுத்தினார். அறுப்பு முடிந்தால் வயலில் நிற்கிற அடித்தாளை எரிக்கவில்லை. தழை உரத்துக்காகச் சணப்பும் தட்டைப்பயறும் விதைத்து, பூக்கிற நேரத்தில் வெட்டி அங்கேயே படுக்க வைத்தார். அதற்கு மேல் வைக்கோல், சருகு, கையில் அகப்பட்டதெல்லாம். தரையே கண்ணுக்குத் தெரியாது.

பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று கேட்டார்: "என்னப்பா, உன் மருமக வயலுக்குக் கம்பளி போத்தி விட்டிருக்கா? குளிர் காய்ச்சலா?"

அப்பாவுக்கு அது போதாதா? விளைச்சலும் மூன்று வருஷமாகச் சுமார்தான். "போதும்மா. டிராக்டரை விட்டு ஆழமா ஒரு உழவு போட்டுடறேன்," என்றார்.

அண்ணி குறுக்கே வந்து நின்றார். "வேண்டாம் மாமா. ஒரே ஒரு உழவு, இத்தனை நாள் உள்ள கட்டினதெல்லாம் இடிஞ்சிடும்."

"அப்படி என்னத்தம்மா கட்டின?"

"நான் எங்க கட்டினேன்? உள்ள இருக்கிறவங்க கட்டினது."

அப்பா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

உள்ளே இருக்கிறவர்களை எப்படிக் காட்டுவது? யோசனை தையல் கடையின் கொல்லைப்புறத்திலிருந்து வந்தது. அங்கே கொட்டுகிற வெட்டுத்துணியில், மரத்தடிச் சருகுக்குள் விழுந்த பருத்தித் துண்டுகள் காணாமல் போய்விடும். இறுகிய தரையில் விழுந்தவை மாசக்கணக்கில் அப்படியே கிடக்கும். அண்ணி வெள்ளைப் பருத்தியில் சின்னப் பிள்ளைகள் போடுகிற ஜட்டி இரண்டு தைத்தார். அப்பா உழுகிற மேல் வயலில் ஒன்று, கீழ் வயலில் ஒன்று, புதைத்துக் குச்சி நட்டார்.

"எந்த மண்ணுல உயிர் இருக்கோ, அது துணியைத் தின்னுடும் மாமா. ரெண்டு மாசம் பொறுங்க."

"ஊரே சிரிக்கும்மா. ஒரு கைக்குட்டையைப் புதைக்கக் கூடாதா?"

"இதுல எலாஸ்டிக் இருக்கே. தேடி எடுக்க வசதி."

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "சரி. கீழ் வயல்ல இருந்து முழுசா வந்துதுன்னா மறுநாளே டிராக்டர். அப்புறம் பேச்சே கிடையாது."

தோண்டுகிற நாளில் மேல் வயலில் அப்பாவே மண்வெட்டி போட்டார். தரை டங்கென்றது. ஜட்டி முழுசாக வந்தது, கொஞ்சம் பழுப்பாக. "அலசிக் காயப்போட்டா யாருக்காவது ஆகும்," என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

கீழ் வயலில் வைக்கோலை விலக்கியதுமே ஒரு ஜட்டி கையோடு வந்தது. பெரிய பெரிய ஓட்டைகள். அப்பா வாங்கிப் பார்த்து, "ம், தின்னுதான் இருக்கு," என்றார்.

அவ்வளவுதான், அண்ணி ஜெயித்தாச்சு, வீட்டுக்குப் போகலாம். ஆனால் அவர் ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது நான் புதைச்சது இல்ல மாமா. இதுல வெள்ளை நூல். நான் நீல நூல்லதான் தைச்சேன்."

"மண்ணுல கிடந்து நூல் வெளுத்திருக்கும் அண்ணி," என்றேன். ஜெயித்த ஆட்டத்தை யாராவது கலைப்பார்களா? அண்ணி கலைத்தார். முட்டி போட்டு உட்கார்ந்து, கையாலேயே தோண்டினார்.

அப்போதுதான் அந்த மண்ணை ஒழுங்காகப் பார்த்தேன். வெடித்துக் கிடந்த அதே மண்ணா இது? கறுப்பாக, பொலபொலவென்று, கேக் மாதிரி உதிர்ந்தது. மழையே இல்லாமல் உள்ளேயிருந்து மழை வாசனை வந்தது. மண்புழு போட்ட தெருக்கள். சருகுக்கும் வேருக்கும் நடுவே முடியைவிட மெல்லிய வெள்ளை இழைகள், யாரோ உட்கார்ந்து ஓரம் அடித்த மாதிரி. பெயர் தெரியாத பூச்சிகள் வெளிச்சம் பட்டதும், ஆபீசுக்கு நேரமானது போல ஓடின. இத்தனை பேர் குடியிருக்கிற கூரை மேலேயா நான் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன்?

அண்ணியின் கை நின்றது.

எலாஸ்டிக் வளையமாகக் கிடந்தது. அதிலிருந்து நீல நைலான் நூல், போட்ட தையல் போட்டபடி, நடுவில் இறங்கி, இரண்டு கால் ஓரத்தையும் சுற்றி வந்திருந்தது. துணி இல்லை. ஒரு பொட்டுக்கூட இல்லை. கறுப்பு மண்ணில் யாரோ நீலத்தில் ஒரு ஜட்டியை வரைந்துவிட்டுப் போனது போல இருந்தது.

அப்பா செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போனை எடுத்து டிராக்டர்காரரைக் கூப்பிட்டார். "வர வேண்டாம்ப்பா. இல்ல, அடுத்த வாரமும் வேண்டாம். கீழ் வயலுக்கு இனிமே உழவே கிடையாது." பேசிக்கொண்டே வெறுங்காலோடு நடந்து போய்விட்டார்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓட்டை ஜட்டியை என் மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"என் தையல் கூடையில ஒண்ணு குறையுதேன்னு பார்த்தேன்."

"நாய் தூக்கிட்டுப் போயிருக்கும் அண்ணி."

"தூக்கிட்டுப் போய், கத்திரிக்கோலால ஓட்டை போட்டு, குச்சி நட்ட இடமா பார்த்துப் புதைச்சு, மேல வைக்கோலையும் மூடிட்டுப் போச்சாக்கும்?"

"கெட்டிக்கார நாய் அண்ணி."

"நான் தோத்துடுவேன்னு நினைச்சியாடா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. டிராக்டர் சத்தம் கேட்டா எனக்குத் தலைவலி வரும்."

அண்ணி என்னையே பார்த்தார். நான் கொஞ்சம் சுருண்டேன்.

"சரி, அந்த நாயைக் கூப்பிடு. குழியை அதுவே மூடட்டும்," என்று மண்வெட்டியை என் கையில் திணித்தார்.