இளந்தீக்காரர் காசிநாதன்

பால்காரன் சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னான்: "கிராணி போயிட்டாருலா. மத்தியானம் எடுக்கிறாங்க." இறங்கி நின்று சொல்லுமளவுக்கு அவர் ஈப்போவின் இந்தச் சிலிபின் பகுதியில் யாருக்கும் வேண்டியவர் இல்லை.

ரப்பர் விலைபோகாமல் தோட்டம் மூடியபோது கணக்கெழுதும் கிராணி வேலையை இழந்த காசிநாதன், ஜப்பான்காரர் காலத்தில் ஈப்போ மலையடிவாரச் சுண்ணாம்புச் சூளைக்கு மேற்பார்வையாளராக வந்தார். பக்கத்துக் கொட்டகையில் நாங்கள் ஈய மணலை வறுத்தோம். அதில் எழும் கந்தகப் புகையைப் பிடிப்பதற்காகப் புகைவழியில் ஈரச் சுண்ணாம்பைத் தட்டுகளில் பரப்பி வைப்போம்.

தீ கூடினால் சுண்ணாம்புக்கு வீரியமும் கூடும் என்று முதலில் அவரும் நம்பினார். அப்படிச் சுட்டது இறுகிப்போய், தண்ணீர் ஊற்றியும் பொடியவில்லை, புகையையும் பிடிக்கவில்லை. மூச்சு முட்டி வெளியே ஓடினோம். லெட்சுமி அக்கா வாசலிலேயே மயங்கி விழுந்தார். அன்று முதல் காசிநாதன் இளந்தீயை விடவில்லை.

"அடங்கி வெந்தாத்தான் உள்ள ஓட்டை ஓட்டையா இருக்கும். புகை நுழைய இடம் வேணும்ல?" என்பார்.

இளந்தீக்கு நாள் பிடிக்கும். ஜப்பானிய அதிகாரி பொறுக்கவில்லை. தீயைக் கூட்டாவிட்டால் போனவர் திரும்பாத சயாம் ரயில்பாதை வேலைக்கு எல்லாரையும் அனுப்புவதாக மிரட்டினான். காசிநாதன் மறுத்துப் பேசிக் கன்னத்தில் அறை வாங்கினார். பிறகும் தீயைக் கூட்டவில்லை, கல்லைச் சிறிதாக்கினார். முட்டையளவுக் கல் இளந்தீயிலேயே சீக்கிரம் வெந்துவிடும். சூளை ஆட்களோடு நாங்களும் முறைவைத்து உடைத்தோம். உள்ளங்கை கிழிந்தது.

"என்னா கிராணி, சயாமுக்குப் போகாமலே தண்டனையா?" என்றான் என்னோடு வறுத்த மாரி.

"அங்க போனா திட்டுறதுக்கு நான் கிடைக்க மாட்டேன்டா. உடை."

சுண்ணாம்பு சொன்ன நேரத்துக்கு வந்தது. எங்களில் யாரும் சயாம் போகவில்லை. கொட்டகையில் பிறகு யாரும் விழவுமில்லை. ஜப்பான்காரர் போனபின் அவருக்குக் கிடைத்த பட்டம் 'ஜப்பான்காரன் கைத்தடி'. அதை வைத்தவர்கள், அவர் காப்பாற்றிய அதே ஆட்கள். அவர்களை நான் மன்னிக்கவில்லை.

இன்று பாடை தூக்கவும் ஆள் போதவில்லை. மாரி தன் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு தோள் கொடுடா," என்றேன்.

"கை காய்ச்சுப்போனதை இன்னும் மறக்கலண்ணே. நீங்க போங்க."

அவனிடம் ஒரு இருமல் இல்லை. தெருக்கோடிவரை கேட்கும் குரல்.

போய் வாருங்கள், கிராணியாரே. நீங்கள் மிச்சம் வைத்த மூச்சில்தான் அவன் அதைச் சொன்னான். அவனுக்கும் சேர்த்து நான் தூக்கினேன்.