பின்வாசலில் வந்த மணம்

என் மனைவி தீக்காயப்பட்ட அன்று காலை, காஸ் கசிந்த மணம் எனக்கு வந்தது. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எழுதாமல் மற்றதையெல்லாம் சொல்லிக்கொண்டு போனால் அது பொய்யாகிவிடும்.

அப்போது நான் துறைமுகக் களஞ்சியத்தில் எழுதுவினைஞர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம். மகள் கல்யாணமாகி மட்டக்களப்பில் இருந்தாள். பாலையூற்று வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எங்கள் குசினி சிறியது. அதன் ஒரே ஜன்னல் மேற்கைப் பார்த்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அடுப்பு நெருப்பு அணைந்து அணைந்து போவதால், அவள் அந்த ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பாள். சிலிண்டர் அடுப்பு வைத்த சீமெந்து மேடைக்குக் கீழே, உள்ளேயே இருந்தது. பல வருடமாக அப்படித்தான். அது பிழை என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

அன்று அவள் சின்ன நெருப்பில் பாலை வைத்துவிட்டு, சல்லிக் கிராமத்திலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருபவரிடம் வாங்கிய பாரை மீனோடு கிணற்றடிக்குப் போயிருந்தாள். நான் வேலிக் கம்பி இறுக்குவதற்குக் குறடு எடுக்கப் பின்பக்கம் போனேன். குசினியைத் தாண்டும்போது மணத்தது. அழுகிய கோவா இலை போல ஒரு மணம். அடுப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுப்பு மூட்டினால் கொஞ்சம் மணக்கத்தான் செய்யும் என்று நினைத்தேன். அவள் மூக்கு என் மூக்கை விடக் கூர்மை, ஏதும் என்றால் அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்றும் நினைத்தேன். வெளியே வந்து, காற்றுக்கு அடிக்காமல் கதவை இழுத்துச் சாத்தினேன். சாத்தும்போது மூக்கைச் சுளித்திருக்கிறேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. நானும் பேசாமல் குறட்டை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனேன்.

பால் பொங்கி வழிந்து நெருப்பு அணைந்திருந்தது. காஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. அது காற்றை விடப் பாரம், நிலத்தோடுதான் படரும் என்பதெல்லாம் பிறகு எனக்குச் சொல்லப்பட்டது. அவள் மீனோடு உள்ளே போய், அணைந்த அடுப்பைத் திரும்ப மூட்ட லைட்டரை அடித்திருக்கிறாள்.

பாரமான சீலையை உதறியது போல ஒரு சத்தம் கேட்டது. பெரிய வெடிச்சத்தம் இல்லை. அதற்குப் பிறகுதான் அவளுடைய குரல். நான் ஓடிப்போனபோது பின்கதவு திறந்து கிடந்தது. அவள் முற்றத்தில் நின்றாள். நைலோன் நீளச்சட்டை முழங்காலுக்குக் கீழே எரிந்து தோலோடு ஒட்டியிருந்தது. இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பிடித்திருந்தாள், யாருக்கோ எதையோ கொடுப்பது போல. கிணற்றுத் தொட்டியில் இருந்த தண்ணீரை வாளி வாளியாக அவள்மேல் ஊற்றினேன். பக்கத்து வீட்டுக்காரர் கிண்ணியா ஆள், முச்சக்கர வண்டி ஓட்டுபவர். அவர் ஒரு சாக்கை நனைத்துப் போர்த்திக்கொண்டு குசினிக்குள் போய் ரெகுலேட்டரை மூடினார். வந்து, "சட்டையைப் பிடிச்சு இழுக்காதீங்க, தோல் கழண்டு வந்திரும். அப்பிடியே வண்டியில ஏத்துங்க," என்றார்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் வைத்தியர் காயங்களைக் குறித்துக்கொண்டே கேட்டார்.

"அம்மா, லைட்டர் அடிக்கேக்க காஸ் மணக்கேல்லையா உங்களுக்கு?"

"எனக்கு மணம் தெரியாது, டொக்டர்," என்றாள். "கொரோனா வந்ததிலயிருந்து. ஒண்டரை வருசமா."

நான் கட்டில் பக்கத்தில் நின்றேன். ஒன்றரை வருடம் ஒரே வீட்டில், அவள் சமைத்ததை மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவன் நான். அன்றுதான் எனக்குத் தெரியும்.

சில நாள் கழித்து, வலி மருந்தில் அவள் கொஞ்சம் தெளிவாக இருந்த ஒரு பின்னேரம் கேட்டேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"முதல் மாதம் வந்திரும் வந்திரும் எண்டு இருந்தனான். பிறகு சொல்லப் பயமா இருந்தது. மணம் தெரியாதவளைக் குசினியில ஆர் விடுவினம்? நீங்கள் மகளுக்குச் சொல்லுவீங்கள். அவள் என்னை அங்க கூட்டிக்கொண்டு போயிடுவாள்."

"அப்ப எப்பிடிச் சமைச்சனீ?"

"உங்கட முகத்தைப் பாத்துத்தான்."

சோறு அடிப்பிடித்தால் நான் தலையைத் தூக்குவேனாம். கருவாடு பொரிக்கும்போது ஜன்னலடிக்குப் போவேனாம். அதை வைத்துத்தான் எது எந்த அளவில் இருக்கிறது என்று அவள் கணித்தாள். அவள் அதைச் சொல்லி முடித்ததும், என்னால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"அண்டைக்கு எனக்கு மணத்தது. உனக்கும் மணக்கும் எண்டு நினைச்சிட்டுப் போயிட்டன்."

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"கதவடியில நீங்கள் மூக்கைச் சுளிச்சதைக் கண்டனான்," என்றாள். "மீன் பழுதாப் போச்சாக்கும் எண்டு நினைச்சன். செவுளைப் பிரிச்சுப் பாத்தன். சிவப்பாத்தான் இருந்தது. எண்டாலும் இன்னொருக்கால் புளி போட்டுக் கழுவினனான்."

அவள் மீனை இரண்டாம் முறை கழுவிக்கொண்டிருந்த நேரமெல்லாம் உள்ளே காஸ் நிறைந்திருக்கிறது. நான் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவளும் கேட்டிருக்கலாம்.

ஏறக்குறைய இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். தொடையிலிருந்து தோல் எடுத்துக் காலில் வைத்தார்கள். ஒரு காலில் பிடித்தது, மற்றதில் சீழ் வைத்துத் திரும்பவும் வைக்க வேண்டி வந்தது. வலது கையில் இரண்டு விரல் உள்ளங்கையோடு மடங்கி நின்றுவிட்டது. இனி அது நிமிராது என்று சொல்லிவிட்டார்கள். மகள் வந்து நின்று பார்த்தாள். தன்னோடு வரச்சொல்லித் தாயிடம் கெஞ்சினாள். "ஏலாது," என்றாள் இவள். வேறு காரணம் சொல்லவில்லை.

இப்போது சமையல் என்னுடையது. சிலிண்டரை வெளியே சுவரோரம் நிழலில் வைத்துப் புதுக் குழாய் போட்டோம். குசினிக்குள் போனதும் முதலில் ஜன்னலைத் திறக்கிறேன். காற்று நேராக அடுப்பில் படாமல் ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்திருக்கிறேன். கிழமைக்கு ஒருதரம் குழாய் பொருத்திய இடத்தில் சவர்க்கார நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்கிறேன். அடுப்பில் ஏதும் இருந்தால் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. சமைத்து முடிந்தால் ரெகுலேட்டரையும் மூடுகிறேன். பருத்திச் சாரம் உடுத்துத்தான் அடுப்படியில் நிற்கிறேன். எல்லாம் ஒரு மணித்தியாலத்தில் கற்றுக்கொள்ளக்கூடியவை. லைட்டர் எடுப்பதற்கு முன் முழங்காலில் நின்று குனிந்து, நிலத்தோடு மூக்கை வைத்து மணக்கிறேன். அவள் முன்னறைக் கதிரையில் இருந்துகொண்டு, "மணக்குதா?" என்று கேட்பாள். "இல்லை," என்று நான் சொன்ன பிறகுதான் மூட்டலாம். லைட்டர் சத்தம் கேட்கும்போது எழுந்து முன்வாசலுக்குப் போய்விடுவாள்.

போன மாரியில் எனக்குத் தடிமன் பிடித்தது. காலையில் குனிந்து மூக்கை இழுத்தேன், ஒன்றும் தெரியவில்லை. மூக்கு முழுக்க அடைப்பு.

"மணக்குதா?"

"தெரியேல்ல," என்றேன். "எனக்கு இண்டைக்கு மூக்கு வேலை செய்யேல்ல."

அவள் எழுந்து குசினி வாசலுக்கு வந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு அவ்வளவு கிட்ட வந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். குழாய் புதிது, ஜன்னல் திறந்திருந்தது, ரெகுலேட்டர் மூடியிருந்தது. எல்லாம் சரியென்று எனக்குத் தெரியும்.

"வேண்டாம்," என்றாள்.

நான் குடையை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போய்ப் பாண் வாங்கி வந்தேன். மழை விடவில்லை. நாலு நாள் பாணும் வாழைப்பழமும்தான் சாப்பிட்டோம்.