மாஸ்க் அக்கா முகம் காட்டும் நாள்

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது நடந்தது இது. அப்போது நான் திருப்பூரில் ஒரு நைட்டி, டி-ஷர்ட் கடையில் பேக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் தெற்கே. கணவனின் அடி தாங்காமல், ஆறாவது படிக்கும் மகளை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறியவள் நான். அவன் அறைந்த அறையில் இடது காது கேட்காமல் போனபோதுகூட, ஸ்டேஷனில் சமாதானம் பேசி அவனோடுதான் அனுப்பி வைத்தார்கள். 'அவர்' என்று மரியாதையாக எழுத எனக்கு வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அவன் கண்ணில் படாமல் இருப்பது ஒன்றுதான் எனக்கும் மகளுக்கும் இருந்த பாதுகாப்பு.

இப்போதெல்லாம் இங்கே சின்னக் கடைகளுக்குப் பாதி வியாபாரம் போனில்தான். தினமும் மாலையில் ஒரு பெண் கேமரா முன் நின்று ஒவ்வொரு துணியாக விரித்துக் காட்டுவாள். லைவ்வில் பார்ப்பவர்கள் பிடித்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் ஆர்டர் போடுவார்கள். ஒருநாள் அந்தப் பெண் வராமல் போகவே, ஓனரம்மா என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார். முடியவே முடியாது என்றேன். கடைசியில், பஞ்சுத் தூசிக்காகப் போட்டிருந்த மாஸ்க்கைக் கழற்ற மாட்டேன் என்ற நிபந்தனையோடு நின்றேன்.

எனக்கு மேடைப் பேச்சா தெரியும்? "துணி நல்லா மெத்துன்னு இருக்கு, பாத்துக்கிடுங்க" என்று எங்கள் ஊர்ப் பேச்சில் வாயில் வந்ததைப் பேசினேன். அதையே ஜனங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஒரு மாதத்தில் நான் 'மாஸ்க் அக்கா' ஆகிவிட்டேன். சம்பளமும் கூடியது. பொய் சொல்வானேன், எனக்கும் அது பிடித்திருந்தது. வாயைத் திறந்தாலே அடி வாங்கிய எனக்கு, என் பேச்சைக் கேட்க இத்தனை பேர் காத்திருப்பது பெரிய விஷயம்.

கடைக்கு மார்க்கெட்டிங் பார்த்தவர் முப்பது வயதுத் தம்பி ஒருவர். ஐந்தாறு கடைகளுக்கு இதே வேலை செய்துவந்தார். கெட்டிக்காரர். லைவ் நடக்கும்போது என் வலது பக்கம் நின்று கமென்ட்களை வாசித்துச் சொல்வார். இடது காது அடிபட்டதில் போய்விட்டது என்று நான் சொல்லியிருந்தேன், யார் அடித்தது என்று சொல்லவில்லை. அவருக்குத்தான் அந்த யோசனை வந்தது. கடையின் லைவ் பக்கத்துக்கு ஒரு லட்சம் ஃபாலோயர்ஸ் சேர்ந்ததும் மாஸ்க் அக்கா லைவ்வில் முகத்தைக் காட்டுவார், அன்றைக்குத் தீபாவளி ஆஃபர் என்று என்னைக் கேட்காமலே போஸ்டர் போட்டுவிட்டார்.

ஓனரம்மாவிடம் போய், கணவனுக்குப் பயந்துதான் மறைந்து வாழ்கிறேன் என்று சொல்லி அழுதேன். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு ரூம் பார்த்துக் கொடுத்ததும், மகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டதும் அவர்தான். ஆனால் தீபாவளிச் சரக்கு குடோன் நிறைய இருந்தது.

"அட, புருசன் பொண்டாட்டி சண்டை இல்லாத ஊடு எங்க கண்ணு இருக்குது? அவன் வந்தா நாங்கெல்லாம் சும்மா உட்ருவமா?" என்று என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

வேலையை விட்டுவிட்டுப் போக எனக்குப் போக்கிடம் இல்லை. ஃபாலோயர்ஸ் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. கமென்ட்டில், முகம் வெந்திருக்கும் என்று ஒருவர், மூஞ்சி சகிக்காது அதுதான் மூடியிருக்கிறாள் என்று இன்னொருவர். அவர்களோடு சண்டை போட வேறு சிலர். சண்டை வந்தால் ரீச் கூடும், இன்னும் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்று தம்பிக்கு ஒரே சந்தோஷம். ஒருநாள் அவர், "அக்கா, உங்க பேச்சுக்குத் தெக்கத்திப் பக்கந்தானுங்க செம ரெஸ்பான்ஸ். அந்த ஜில்லாவாப் பாத்து விளம்பரம் போட்டுட்டேனுங்க" என்றார். எந்த ஜில்லா என்று கேட்டேன். அவர் சொன்ன பட்டியலில் எங்கள் ஜில்லாவும் இருந்தது. முகத்தை மறைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்தவனுக்கு என் குரல் தெரியாதா என்பது அப்போதுதான் உறைத்தது.

முகம் காட்டும் நாளும் வந்தது. கடையில் பலூன் கட்டி, கேக் வாங்கி வைத்திருந்தார்கள். கமென்ட்கள் மழையாகக் கொட்டின. நான் ஒரு நைட்டியை விரித்துப் பிடித்திருந்தேன். தம்பி சிரித்துக்கொண்டே வாசித்தார்: "அக்கா, ஒருத்தரு 'இடது காது இப்பம் கேக்கா'ன்னு கேட்டிருக்காருங்க."

அது யாரென்று எனக்குத் தெரியும். கேமராவுக்கு அந்தப் பக்கம், எங்கோ உட்கார்ந்து அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். திரையின் கீழே கடை முகவரி எப்போதும்போல ஓடிக்கொண்டே இருந்தது. நைட்டியைக் கீழே போட்டுவிட்டு, சட்டையில் குத்தியிருந்த மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு, மாஸ்க்கோடு வெளியே நடந்தேன். நான் ரூமுக்குப் போய்ச் சேருவதற்குள் தம்பியிடமிருந்து மெசேஜ்: அக்கா, சூப்பர் சஸ்பென்ஸ், ரீச் எகிறுது.

மறுநாள் காலை, பூட்டிய ரூமைவிடப் பள்ளிதான் பத்திரம் என்று மகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். தம்பி போன் செய்தார்.

"அக்கா, எதுவும் பேசாதீங்க, கேளுங்க. உங்க வீட்டுக்காரரு இங்க வந்திருக்காருங்க. ஓனரம்மா உங்க ரூமைக் காட்டச் சொல்லிட்டாங்க. நான் அவரை வண்டியில ஏத்திட்டு வேற பக்கம் சுத்தறேன். நீங்க பாப்பாவைக் கூட்டிட்டு உடனே கெளம்பிருங்க."

கையில் கிடைத்ததைப் பையில் திணித்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினேன். மகள் ஏன் என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் புத்தகப் பையை எடுத்துக்கொண்டாள். அந்த வயதிலேயே அவளுக்கு அது பழகியிருந்தது. பேக்கிங்கில் கூட வேலை பார்த்த ஒரு பெண்ணின் அக்கா வீட்டுக்கு, இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம்.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. அவன் கடையில் வந்து ஓவென்று அழுதிருக்கிறான். குடிப்பதை விட்டுவிட்டேன், பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஓனரம்மாவின் காலில் விழுந்திருக்கிறான். அவருக்கு மனம் இளகிவிட்டது. காபி வாங்கிக் கொடுத்து, பிரிந்த குடும்பம் நம் கடையால் சேருகிறது, அதை அப்படியே வீடியோ எடு என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறார். தம்பியும் கேமராவைத் தூக்கிவிட்டார். அப்போது அவன், "அவளுக்கு ஒரு காது கேக்காது, பொறவியிலயே அப்படி. பாவம், தனியா என்ன பாடுபடுதாளோ" என்று கண்ணைத் துடைத்தானாம். பிறவியிலேயே என்ற அந்த ஒரு சொல்லில் தம்பிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முந்தின நாள் தான் சிரித்துக்கொண்டே வாசித்தது என்னவென்றும் விளங்கியது.

அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு அனுப்பர்பாளையம் பக்கம், பாத்திரப் பட்டறைகள் இருக்கும் சந்துகளாகச் சுற்றியிருக்கிறார். ஏமாற்றுகிறார் என்று தெரிந்ததும் அவன் பின்னாலிருந்தே தலையில் அடிக்க, வண்டி சாய்ந்தது. தம்பிக்குப் புருவத்தில் தையல் போட்டார்கள். கூட்டம் சேர்ந்ததும் அவன் ஓடிவிட்டான். புகார் கொடுத்தோம், இன்றுவரை ஆள் சிக்கவில்லை. அந்தக் கடையின் வேலையும் தம்பிக்குப் போனது. "நாந்தானுங்க்கா உங்களைப் புடிச்சுக் குடுத்தேன்" என்று போனில் அழுதார். அழாதே தம்பி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் இல்லாவிட்டால் இன்று நான் இல்லை என்பதும் உண்மை. அவர் மேல் வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை என்பதும் உண்மை.

கடை எனக்காகக் காத்து நிற்கவில்லை. அடுத்த வாரமே வேறொரு பெண் அதே மாதிரி மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு வந்து, லைவ்வில் கழற்றிக் காட்டினாள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில் பார்த்தேன். குரல் வேறு மாதிரி இருக்கிறதே என்று ஒன்றிரண்டு பேர் கேட்டிருந்தார்கள். மற்றவர்கள் வாழ்த்துச் சொல்லிவிட்டு, எக்ஸ்எல் சைஸ் இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள்.

இப்போது நாங்கள் இருக்கும் ஊரின் பெயரை எழுதவில்லை. ஒரு கம்பெனியில் தைத்து வரும் துணிகளைச் செக்கிங் பார்க்கிறேன், யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. போன மாதம் மகளின் பள்ளி விழாவில் அவள் நடனமாடியபோது, சுற்றி எல்லா அம்மாக்களும் போனை உயர்த்திப் பிடித்தார்கள். நான் என்னை அறியாமல் எழுந்துபோய் அவர்கள் முன் கைகளை விரித்துக்கொண்டு நின்றுவிட்டேன். யாரோ அதட்டிய பிறகுதான் உட்கார்ந்தேன். மேடையிலிருந்து என் மகள் அதைப் பார்த்தாள். ஆடிக்கொண்டே, முந்தானையை இழுத்துத் தன் முகத்தைத் தானே மூடிக்கொண்டாள். அவன் கையில் சிக்காமல் தப்பித்துவிட்டோம் என்று எல்லோரும் சொல்கிறார்கள்; எனக்கு என்னவோ, தப்பித்தவர்களின் பிள்ளை இப்படி ஆடமாட்டாள் என்றுதான் தோன்றுகிறது.