மீடியா படித்தவளின் வெட்கங்கள்

மீடியா ஸ்டடீஸ் படிக்க வருகிறவருக்குக் கமரா பிடிக்கச் சொல்லிக்கொடுக்க முன்னர், "அது என்ன படிப்பு?" என்று கேட்கிறவர்களிடம் முகத்தை எப்படி வைத்திருப்பது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். லண்டனில் பல்கலைக்கழகத்துக்கு முந்திய இரண்டு வருடத்தில் பிள்ளைகள் மூன்று பாடம்தான் எடுப்பார்கள். நான் எடுத்த மூன்றில் ஒன்று இது. என்னைப் போல் இதில் மாட்டுப்பட்டவர்கள் இருந்தால், நீங்கள் தனியாக இல்லை.

கொம்பியூட்டர் மாதிரி

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி கொடுப்பார்கள். அங்கே ஒரு அங்கிள் அம்மாவிடம், "மகள் என்ன படிக்கிறா?" என்று கேட்டார். அவருடைய மகன் மெடிசினுக்கு ஆயத்தமாகிறான் என்பது அந்த மண்டபத்தில் தெரியாத ஆள் இல்லை. அம்மா என்னைப் பார்க்காமல், "அது வந்து அண்ணை, கொம்பியூட்டர் மாதிரி ஒண்டு" என்றார்.

நான் திருத்தியிருக்கலாம். பதிலாகத் தேத்தண்ணியோடு தந்த ரோல்ஸை ஒரு பெரிய கடி கடித்தேன். வாய் நிறைந்திருந்தால் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அங்கிளின் முகம் மலர்ந்தது.

"நல்லதாப் போச்சு பிள்ளை, எங்கட பிரிண்டர் கன நாளா வேலை செய்யேல்லை, ஒருக்கால் வந்து பாரும்."

பார்வையாளர் ஆய்வு

ரிவி நாடகத்தில் வரும் பின்னணி இசை பார்ப்பவர்களை எப்படி ஆட்டிவைக்கிறது என்று எழுத வேண்டியிருந்தது. வெம்பிளியில் சின்னம்மா வீட்டுக்குப் போனேன். சின்னம்மாவும் பக்கத்து வீட்டு அன்ரிமார் இரண்டு பேரும் தமிழ்த் தொடர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதாநாயகியை வீட்டை விட்டுத் துரத்துகிற கட்டம். மூன்று பேருக்கும் கண் கலங்கியிருந்தது.

நான் ரிவிக்கு முன்னால் போய் நின்றேன். "இப்ப வயலின் வந்ததைக் கவனிச்சீங்களோ? உங்களை அழவைக்கத்தான் அதைப் போடுகினம்" என்று விளக்கினேன். வகுப்பில் இதே விளக்கத்துக்கு ரீச்சர் பாராட்டியிருந்தார். சின்னம்மா கண்ணைத் துடைத்தார்.

"அழத்தானே இருக்கிறம், நீ கொஞ்சம் தள்ளி நில் பிள்ளை, மறைக்குது."

கடைக்குப் பின்னால் ஒரு பிணம்

அடுத்தது, த்ரில்லர் படம் ஒன்றின் தொடக்கக் காட்சி எடுக்க வேண்டும். நானும் என் வகுப்புத் தோழி க்ளோயியும் ஒரு குழு. குட்மேய்ஸில் எங்கள் தெருமுனையில் வசந்தன் அண்ணையின் மளிகைக் கடை இருக்கிறது. அதற்குப் பின்னால் குப்பைத் தொட்டிகள் நிற்கும் சந்து, பிணம் கிடக்க நல்ல இடம் என்று தோன்றியது. சீனிப்பாகில் சிவப்புக் கலரைக் கரைத்து க்ளோயியின் நெற்றியில் பூசி, அவளை நிலத்தில் கிடத்தினேன். கடையில் ஒரு சொல் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். அது எனக்குத் தோன்றவே இல்லை.

வசந்தன் அண்ணை வெறும் பெட்டிகளைப் போடப் பின்கதவைத் திறந்தார். என்னைக் காணவில்லை, அவளைத்தான் கண்டார். பெட்டிகள் விழுந்தன. கத்தவில்லை. ஓடிவந்து முழங்காலில் நின்று, தன் ஜக்கெட்டைக் கழற்றி அவளுடைய தலைக்குக் கீழே வைத்துக் கழுத்தில் நாடி பார்த்தார். அவ்வளவையும் யோசிக்காமல், பழகிய கையால் செய்தார். க்ளோயி கண்ணைத் திறந்து "ஐ ஆம் சொறி" என்றாள். அவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

கமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. எங்கள் படம் முழுவதிலும் உண்மையாக இருந்தது அந்தக் காட்சி ஒன்றுதான். இருவரும் அதை அழித்தோம். மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் ஆருக்கோ வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"கோவமில்லை பிள்ளை, ஊரில சண்டை நேரம் இப்பிடிக் கிடந்த ஆக்களை நான் தூக்கியிருக்கிறன், நேற்றுத்தான் முதல்தரம் ஒராள் எழும்பினது."

கீழே ஓடிய எழுத்து

கடைசி வேலை, உழைக்கிற ஒருவரைப் பற்றிய ஆவணப்படம். அப்பாவை எடுத்தேன். நான் பிறக்க முன்னரே அவர் லண்டனில் பஸ் ஓட்டத் தொடங்கிவிட்டார். தமிழில் கதையுங்கோ என்றேன். "உங்கட பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ்தானே சரி" என்று, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு ஆங்கிலத்திலேயே கதைத்தார். குளிர்காலத்தில் கதவு திறக்கும்போது வரும் காற்றைப் பற்றி, ஏறும்போது குட்மோர்னிங் சொல்கிற கிழவர் ஒருவரைப் பற்றி. நன்றாகத்தான் கதைத்தார்.

க்ளோயி படத்தைத் தொகுத்தாள். அப்பா சொன்ன ஒவ்வொரு வசனத்துக்கும் கீழே அதே ஆங்கிலத்தை வெள்ளை எழுத்தில் போட்டிருந்தாள், எல்லோருக்கும் விளங்கட்டும் என்று. அவளிடம் கெட்ட எண்ணம் இல்லை. எனக்குக் காட்டினாள். நான் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தேன்.

பெற்றோருக்குப் படம் காட்டிய மாலை அப்பா முன்வரிசையில் இருந்தார். வேறு பிள்ளைகளின் படங்களிலும் ஆட்கள் கதைத்தார்கள். ஒருவருக்கும் கீழே எழுத்து ஓடவில்லை. அப்பாவின் முறை வந்ததும் அவருடைய உதடு அசைவதைக் கண்டேன். தான் சொன்னதைத் தானே வாசித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள், அவரும் தட்டினார். அடுத்த நாளே எழுத்தை எடுத்துவிட்டுத்தான் பரீட்சைக்குக் கொடுத்தோம். அது பரீட்சைக்குத்தான் உதவியது. படம் காட்டிய அன்று வீட்டுக்கு வரும் வழியில், காரை ஓட்டிக்கொண்டே, கோபமில்லாமல் அப்பா கேட்டிருந்தார்:

"அப்ப இவ்வளவு வருஷமும் பஸ்ஸில சனம் எப்பிடி பிள்ளை சமாளிச்சது, கீழ எழுத்தில்லாமல்?"

மீடியா ஸ்டடீஸில் எனக்கு 'ஏ' சித்தி கிடைத்தது, எதையெல்லாம் செய்து கிடைத்தது என்று வீட்டில் ஒருவரும் கேட்காமல் இருப்பதுதான் அந்தப் படிப்பால் எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி.